நாவல்மரம் கொடுத்த முதுகு

அந்தக் காலத்தில் மரங்களுக்கு வாய் இருந்தது. காட்டெருமைகளுக்கு மனிதரோடு பேசும் பொறுமை இருந்தது. குளிருக்குக் கால் இருந்தது. அது நடந்து வரும்.

மூடுமலை என்ற மலையின் உச்சியில், மேகம் வந்து தங்கும் இடத்தில், பன்னிரண்டு குடிசைகள் இருந்தன. எல்லாம் புல் வேய்ந்தவை. உள்ளே தீ மூட்டினால் கூரை பிடித்துக்கொள்ளும். அதனால் ஊருக்கு நடுவே கல்லால் ஒரு வீடு கட்டி, அதன் நடுவில் குழி தோண்டி, ஒரே ஒரு தீயை வளர்த்தார்கள். அதற்குத் தீவீடு என்று பெயர். மார்கழி பிறந்தால் மாசி முடியும்வரை, பொழுது சாயும்போது ஊர் முழுவதும் தீவீட்டுக்கு வந்துவிடும். அங்கேயே உண்ணும், அங்கேயே உறங்கும். வராதவர் மறுநாள் விழிக்கமாட்டார்.

அப்போது உட்காரப் பலகை எதுவும் கிடையாது. தரையில் புல்லைப் பரப்பித் தீயைச் சுற்றி வட்டமாக உட்காருவார்கள். தலையோடு கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். முகம் ஆனி வெயிலில் இருக்கும், முதுகு மார்கழியில் இருக்கும். முகம் பொறுக்காமல் போனால் திரும்பி முதுகைக் காட்டுவார்கள். சற்று நேரத்தில் மறுபடியும் திரும்புவார்கள். சட்டியில் வறுபடும் கடலைபோல ஊரே புரண்டுகொண்டிருக்கும்.

அந்த ஊருக்கு ஒரு வழக்கம் இருந்தது. குளிரில் நடந்து வருகிறவரிடம், அவர் கை சூடாகும்வரை பேரும் ஊரும் கேட்கக்கூடாது. நடுங்குகிற வாயைப் பேச வைப்பது பாவம் என்று நினைத்தார்கள். கை சூடாகிவிட்டதா என்று ஊர்த்தலைவர் தொட்டுப் பார்ப்பார். சூடான பிறகுதான் விசாரிப்பு. ஒரே ஒரு விலக்கு உண்டு. தீயோரம் இடம் தந்தும் உட்கார மறுப்பவரிடம் உடனே பேர் கேட்கலாம். அப்படி மறுத்தவர் எவரும் இருந்ததில்லை. எவர்தான் மறுப்பார்?

தீவீட்டுத் தீயைக் காத்தவள் வெள்ளச்சி. அவளுடைய கணவன் கெம்பன் தச்சன். உரலும் கதவும் செய்வான். அவர்களுக்கு ஏழு வயதில் நாகி என்று ஒரு மகள்.

ஒரு தை மாதத்து மாலையில் வெள்ளச்சி சாமைக் கஞ்சியை மூங்கில் குவளைகளில் ஊற்றி வட்டத்தில் நீட்டினாள். நீண்ட கைகளுக்கெல்லாம் கொடுத்தாள். முடிந்தபோது முப்பத்திரண்டு குவளைகள் போயிருந்தன. ஊரில் இருந்தவர்கள் முப்பத்தொரு பேர்.

எண்ணியதில் தவறு என்று நினைத்துக்கொண்டாள். குவளைகளைத் திரும்ப வாங்கும்போது ஒன்று கனத்தது. கஞ்சி அப்படியே இருந்தது. மேலே கண்ணாடிபோலப் பனிக்கட்டி படர்ந்திருந்தது. தீக்கு மூன்று முழத் தூரத்தில்.

மறுநாள் காலை தேன் எடுக்கும் கிழவர் காரி எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே விறைத்திருந்தார். "வயசாச்சு" என்றார்கள். வெள்ளச்சிக்கு மட்டும் ஒன்று நினைவு வந்தது. முந்தைய மாலை அவருக்கு இன்னொரு கம்பளி கொடுக்கப் போனபோது அவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார், "வேண்டாம் தாயி. எனக்குக் குளிரவே இல்லை."

அன்று மாலை அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். எல்லோரும் தலையோடு போர்த்தியிருந்தார்கள். முகம் தெரியவில்லை. எல்லோருடைய கம்பளி வாயிலிருந்தும் மூச்சு ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கம்பளியிலிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. அது மூடுபனி நிறத்தில் இருந்தது. மாதன் என்ற இளைஞனின் தோளோடு தோளாக உட்கார்ந்திருந்தது. பேச்சுக்கொடுத்துக்கொண்டும் இருந்தது, மெல்லிய, இனிமையான குரலில்.

"மாதா, கிட்ட வந்து உக்காரு. பின்னாடி காத்து அடிக்குது," என்றாள் வெள்ளச்சி.

"அட போக்கா. எனக்குக் குளிரவே இல்லை," என்றான் மாதன்.

அவள் ஊர்த்தலைவர் சடையனிடம் ஓடினாள்.

"மாமா, நடுவுல ஒரு ஆள் கூடுதலா உக்காந்திருக்கு. அது யாருன்னு கேளுங்க."

"விருந்தாளியா? பாவம், எவ்வளவு தூரம் நடந்து வந்ததோ." சடையன் எழுந்து போய் அந்தக் கம்பளிக்குள் கை விட்டுத் தொட்டார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "அம்மாடி! கை ஜில்லுன்னு இருக்கு. இதுகிட்டப் பேர் கேக்கறதா? நல்லா இருக்கே. நகருங்கப்பா, இன்னும் கொஞ்சம் உள்ளே வரட்டும்."

"அது கை சூடாகவே ஆகாது மாமா!"

"ஆகறப்ப கேப்போம். உனக்கு அவசரம்னா தீக்கு நாலு விறகு போடு. என்னைப் பாவத்துல தள்ளாதே."

விடிந்தபோது மாதன் எழவில்லை. இருபத்திரண்டு வயது. அவனை அடக்கம் செய்யத் தோண்டிய மண் இரும்புபோல இருந்தது. அன்று எவரும் வயசாச்சு என்று சொல்லவில்லை. ஆனால் பொழுது சாய்ந்ததும் எல்லோரும் தீவீட்டுக்கே வந்தார்கள். வேறு எங்கே போவார்கள்? வீட்டில் இருந்தாலும் சாவு. அந்த மாலை அவர்கள் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கவே அஞ்சினார்கள். கம்பளிக்குள் இருப்பது தம்பியா, அதுவா என்று தெரியாமல் ஒருவர் தோளை ஒருவர் விலக்கிக்கொண்டார்கள். விலக்கிய இடைவெளிகளில்தான் அது வசதியாக உட்கார்ந்தது.

வெள்ளச்சி இரவெல்லாம் மகளை மடியில் இறுக்கிக்கொண்டிருந்தாள். காலையில் எவரும் சாகவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு நாகிக்குத் தலை வாரப் போனாள்.

"அம்மா, விருந்தாளி மாமா நல்லா கதை சொல்றாரு," என்றாள் குழந்தை.

வெள்ளச்சியின் கையில் சீப்பு நின்றது. "எப்போ சொன்னாரு?"

"நீ தூங்கினப்ப. உன் முதுகுக்குப் பின்னாடி உக்காந்திருந்தாரு. மிச்சக் கதையை இன்னிக்குச் சொல்றாராம். என் பக்கத்துலயே உக்காந்துக்குவாராம்."

வெள்ளச்சி கம்பளியை எடுத்துக் குழந்தையின் தோளில் போர்த்தினாள். நாகி அதைத் தள்ளிவிட்டாள்.

"வேண்டாம்மா. எனக்குக் குளிரவே இல்லை."

வெளியே புல் முழுக்க உறைபனி வெள்ளையாக இருந்தது.

குழந்தையைக் கெம்பனிடம் விட்டுவிட்டு வெள்ளச்சி காட்டுக்குள் ஓடினாள். எதைத் தேடிப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. பள்ளத்தில் காட்டெருமைக் கூட்டம் நின்றது. பெரியவை எல்லாம் வட்டமாக, வெளிப்பக்கம் பார்த்து நின்றன. கன்றுகள் நடுவே படுத்திருந்தன. அவற்றின் மேலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

கிழட்டுப் பசு ஒன்று அவளைப் பார்த்து மூச்சை ஊதியது. "என்ன புள்ளே, தலைவிரிகோலமா வர்றே?"

வெள்ளச்சி நடந்ததைச் சொன்னாள். அந்தப் பசு சற்று நேரம் அசைபோட்டது.

"எங்களைத் தேடியும் வந்துச்சு. சுத்திச் சுத்திப் பாத்துட்டுப் போயிருச்சு. நீங்க உக்கார்ற லட்சணத்தை மேட்டுல நின்னு நாங்க பாக்கறதுதான். சிரிப்பா வரும். முகத்தை எல்லாம் உள்ளே வச்சுக்கிட்டு முதுகை ஊருக்குக் காட்டிக்கிட்டு. எங்க கன்னுக்குட்டிகூட அப்படி உக்காராது."

"முகத்தை வெளியே திருப்பினா விறைச்சுப்போயிருவோமே. எங்களுக்கு உங்க தோல் ஏது?"

"தோலும் இல்லை, கொம்பும் இல்லை, அறிவும் இல்லை." பசு காதை ஆட்டியது. பிறகு குரல் இறங்கியது. "அப்படின்னா உங்களுக்கு இன்னொரு முதுகு வேணும் புள்ளே. ஏற்கனவே இருக்கற முதுகுக்குப் பின்னாடி, குளிர் படாத முதுகு ஒண்ணு. அதை யாருகிட்ட கேக்கறதுன்னு உனக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அழுகை வந்தது.

சுனைக்குப் பக்கத்தில் ஒரு நாவல்மரம் இருந்தது. பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத அடிமரம். உள்ளே பொந்து விழுந்து வெறுங்கூடாக இருந்தது. வெள்ளச்சியின் அம்மா, அவளைப் பெற்ற மாதத்திலேயே இறந்துவிட்டவள். அம்மாவின் முகம் அவளுக்குத் தெரியாது. ஆனால் அம்மா தினமும் அந்தச் சுனைக்குத் தண்ணீர் எடுக்க வந்தவள். மரம் அவளைப் பார்த்திருக்கிறது. மரத்தின் பேச்சு மெதுவானது. ஒரு நாளைக்கு ஒரு சேதிதான் சொல்லும். உன் அம்மாவுக்கு இடது கன்னத்தில் குழி விழும். உன் அம்மா குடத்தை வைத்துவிட்டுத் தனியாக ஆடுவாள். இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத்தான் வெள்ளச்சி தனக்கு ஒரு அம்மாவைச் சேர்த்து வைத்திருந்தாள். சேர்த்து இன்னும் முடியவில்லை.

அவள் மரத்தடியில் வந்து நின்றாள்.

"காத்து எல்லாத்தையும் சொல்லிருச்சு," என்றது மரம். "முதுகு வேணுமாமே குட்டி. எனக்குச் சுத்தியும் முதுகுதான். எடுத்துக்கோ."

"வெட்டினா உனக்குப் பேச்சுப் போயிருமே."

"போயிரும்." மரம் யோசித்தது. "ஒரே ஒரு சத்தம் மட்டும் மிச்சம் வச்சுக்கறேன். அது என் பின்னால வந்து நின்னா அந்தச் சத்தம் போடுவேன். அப்ப நீங்க முகத்தைத் திறந்து ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கணும். பாக்காத இடத்துலதான் அது உக்காருது."

கெம்பனும் மற்ற ஆண்களும் கோடாலியோடு வந்தார்கள். கெம்பன் முதல் வெட்டுப் போடத் தயங்கினான். "உன்னைக் குட்டின்னு கூப்பிடற மரம் புள்ளே இது. நல்லா யோசிச்சுக்கோ."

"பொழுது ஏறிட்டுது. வெட்டுங்க," என்றாள் வெள்ளச்சி.

வெட்டுபட்டுக்கொண்டே மரம் பேசியது. வழக்கத்துக்கு மாறாக வேகமாகப் பேசியது. ஒரு நாளுக்கு ஒன்று என்று வைத்திருந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட நினைத்ததோ என்னவோ. அம்மாவுக்குப் பச்சை நாவல்பழம் பிடிக்கும் என்றது. அம்மாவின் குரல் உன் குரலைவிடக் கொஞ்சம் கட்டை என்றது. வெள்ளச்சி அடிமரத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வெட்டும் அவள் கன்னத்தில் அதிர்ந்தது.

"நீ பிறக்கறதுக்கு முந்தின நாள் உங்க அம்மா இங்கே வந்து, என் மேல கை வச்சு, எனக்கு ஒரு..."

அவ்வளவுதான். மரம் சாய்ந்தது.

ஆப்பு வைத்து அடித்து அந்தக் கூட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தார்கள். ஆள் உயரத்துக்கும் மேலாக, வளைந்த இரண்டு பெரிய சுவர்கள் கிடைத்தன. அவற்றைத் தீவீட்டுக்கு இழுத்து வந்து, தீயின் இரண்டு பக்கமும் அரைநிலாபோல எதிரெதிராக நிறுத்தினார்கள். கிளைகளைப் பிளந்து இருக்கைகள் வைத்தான் கெம்பன். உட்கார்ந்து பார்த்தவர்கள் வியந்துபோனார்கள். தீயின் சூடு வளைவில் பட்டுத் திரும்பி முதுகுக்கே வந்தது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவர்களுடைய முகமும் முதுகும் ஒரே நேரத்தில் சூட்டை அறிந்தன. இரண்டு அரைநிலாவும் வாசல் பக்கம் விலகியிருந்தன. தீக்கு நேர் முன்னால், வெளிச்சம் முழுதும் விழும் அந்த ஓரத்து இடத்தை மட்டும் வெள்ளச்சி காலியாக வைத்தாள். பின்பக்கம் இரண்டும் சேருமிடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. அவசரத்தில் அதை எவரும் அடைக்கவில்லை.

வெளிச்சம் மங்கியது. கதவு தானாகத் திறந்து மூடியது.

எல்லோரும் கம்பளிக்குள் ஒடுங்கினார்கள். மரத்துக்குப் பின்னால் காலடி கேட்டது. புல்லின் மேல் உறைபனி நொறுங்குவதுபோன்ற சத்தம். அது ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு மரத்தின் வெளிப்புறத்தில் எதுவோ தேய்ந்தது, நகத்தால் வருடுவதுபோல, ஒருவர் முதுகிலிருந்து அடுத்தவர் முதுகுக்கு. தேய்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். பின்பக்கம் வந்ததும் சத்தம் நின்றது.

தீ மட்டும் சடசடத்தது.

போய்விட்டது என்று வெள்ளச்சி நினைத்தாள். அப்போதுதான் மரம் கத்தியது.

'டப்' என்று ஒரே ஒரு வெடிப்பு. உள்ளே எலும்பு முறிந்ததுபோல.

எல்லோரும் கம்பளியை உதறி முகத்தைத் திறந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அத்தனை முகங்களும் விழித்திருந்தன, ஒன்றைத் தவிர. பின்பக்க ஓரத்தில், கெம்பனின் மடியிலிருந்து நழுவியிருந்த நாகி பாதிக் கண் மூடியிருந்தாள். உதட்டில் சிரிப்பு இருந்தது. அவள் கை விரிசல் வழியாக வெளியே போயிருந்தது. மறுபக்கத்திலிருந்து மெல்லிய, இனிமையான குரல் கதை சொல்லிக்கொண்டிருந்தது.

வெள்ளச்சி பாய்ந்து கையை இழுத்தாள். வரவில்லை. பனிக்கட்டியில் ஒட்டியதுபோல இருந்தது. இன்னும் இழுத்தால் தோல் உரிந்துவிடும்.

அவள் எழுந்து நின்றாள். "விருந்தாளி ஏன் பின்னால நிக்கணும்? முன்னால வாங்க. தீயோரத்து இடம் உங்களுக்குத்தான் காலியா வச்சிருக்கோம்."

கதை நின்றது.

"எனக்கு இங்கேயே போதும்," என்றது குரல்.

சடையன் நிமிர்ந்தார். நாள் முழுவதும் மாதனை நினைத்து அழுது அவர் கண்கள் வீங்கியிருந்தன. "அதெப்படி? வந்தவங்களைப் பின்னால நிக்க வச்சா ஊருக்கு அசிங்கம். வாப்பா, வந்து உக்காரு."

"வேண்டாம்."

"நான் எழுந்து நின்னு கூப்பிடறேன். இடம் தர்றோம். வந்து உக்காரு."

"வேண்டாம்."

சடையன் மூச்சை இழுத்துவிட்டார். "மூணு தடவை இடம் தந்தாச்சு. வழக்கப்படி இப்ப நான் கேக்கலாம். யாருப்பா நீ? உன் பேரு என்ன?"

மரத்தின் மறுபக்கம் சிரித்தது. சிரிப்பு உள்ளே வந்தபோது தீ ஒரு சாண் குறைந்தது.

"என் பேரை நீங்க எல்லாரும் தினம் சொல்றீங்க. காலையில கதவைத் திறந்ததும் சொல்றீங்க. என் பக்கத்துல உக்காந்தவங்க மட்டும்தான் சொல்றதில்லை. அவங்க சொல்லிட்டா நான் போயிடணும். இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை."

வெள்ளச்சிக்குக் காரியின் சிரிப்பும் மாதனின் குரலும் காதில் கேட்டன. காலையில் மகள் தள்ளிவிட்ட கம்பளி கண் முன்னால் வந்தது. அவள் நாகியைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். இரண்டு பேருடைய கன்னமும் நாவல்மரத்தில் பதிந்தன. உள்புறம் தீயின் சூட்டில் இளஞ்சூடாக, உயிர் உள்ளதுபோல இருந்தது அந்த மரம்.

"நாகி. கண்ணு. அம்மா உடம்பு சூடா இருக்கா?"

அவள் குழந்தையின் கன்னத்தை மரத்தோடு இன்னும் அழுத்தினாள்.

"மரம் சூடா இருக்கா பாரு. அம்மா சூடா இருக்கா பாரு. இப்ப உன் கையைப் பாரு. கை எப்படி இருக்கு? அம்மாகிட்ட சொல்லு."

குழந்தையின் புருவம் சுருங்கியது. எங்கோ தொலைவிலிருந்து நடந்து வருகிறவள்போல மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். சூடு என்றால் என்ன என்று அவளுடைய கன்னம் சொன்னது. அப்போதுதான் அவளுடைய கைக்கும் புரிந்தது. உதடு கோணியது. அடுத்த கணம் வீறிட்டு அழுதாள்.

"குளிருதும்மா! எனக்குக் குளிருது!"

கை விடுபட்டு உள்ளே வந்தது.

ஒரு குழந்தை குளிருது என்று அழுததற்காக ஊர் முழுவதும் ஆனந்தக் கண்ணீர் விட்டது அன்று ஒருநாள்தான். காலடிகள் கதவைத் தாண்டிப் போவது கேட்டது. விடிந்ததும் பார்த்தார்கள். மரத்தின் வெளிப்புறம் முழுவதும் ஒரு கை கனத்துக்கு உறைபனி படிந்திருந்தது. உள்புறம் அப்போதும் இளஞ்சூடாக இருந்தது. நாகியின் இரண்டு விரல் நகங்கள் மட்டும் கடைசிவரை நீலமாகவே இருந்தன.

வெள்ளச்சி அதற்குப் பிறகு எத்தனையோ மாலைகள் அந்தப் பலகையில் காதை வைத்து உட்கார்ந்திருந்தாள். நாவல்மரம் விட்ட இடத்திலிருந்து தொடங்கும் என்று காத்திருந்தாள். அது தொடங்கவே இல்லை. அதன் மேல் கை வைத்து அம்மா என்ன சொன்னாள் என்று தெரியாமலே அவளும் போய்ச் சேர்ந்தாள்.

பிறகு மலையூர் வீடுகளில் எல்லாம் தீக்கு முன்னால் அப்படி ஒரு பலகை செய்துவைத்தார்கள். இப்போது சுவரில் பொருத்தும் மின் கணப்பு வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு அறை வந்துவிட்டது. அந்தப் பலகைகள் பழைய சாமான் கடைகளில் மற்ற மரச்சாமான்களோடு சாய்ந்து கிடக்கின்றன. விலைக்கு வாங்கிப் போகிறவர்கள், உட்காரும் பலகைக்கு எதற்கு இவ்வளவு உயரமான முதுகு என்று கேட்கிறார்கள். மாலையில் வெயில் இறங்கும்போது அது திடீரென்று 'டப்' என்று வெடித்தால், மரம் காய்கிறது என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்தி, தங்களை அறியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்களே, அந்தப் பார்வை தொடங்கியது நாவல்மரம் தன் முதுகைக் கொடுத்த அந்தத் தை மாதத்து மாலையில்தான்.